ஜப்பானில் ஆங்கில ஆசிரியர் வேலை: விசா எடுப்பதிலிருந்து ஊர் திரும்புவது வரை முழுமையான வழிகாட்டி

ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. உள்ளூர் வரிச் சீட்டு ஜூனில் வருகிறது. வெளிநாட்டவரை ஆங்கிலம் கற்பிக்க அழைக்கும் அரசின் ஜெட் திட்டத்தில் வருபவர்களில் பெரும்பாலோர் ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்டிலோ வந்து இறங்குகிறார்கள். அங்கே ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்களுக்கு வரும் பணச் சிக்கல்களில் பாதி, இந்த மூன்று காலண்டர்களும் ஒன்றோடொன்று பொருந்தாததால் வருபவை. வகுப்பறை ஒரு மாதத்தில் பழகிவிடும். எந்தக் காகிதத்தை முதலில் முடிப்பது, எந்த மாதம் கையில் எவ்வளவு வைத்திருப்பது என்பதைக் கிளம்பும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

வேலைக்கு மூன்று வாசல்

முதலாவது ஜெட் திட்டம். 1987இல் தொடங்கியது. மாவட்டமோ நகராட்சியோ உங்களை நேரடியாக வேலைக்கு வைக்கும். பதவியின் பெயர் ஏ.எல்.டி., அதாவது துணை மொழி ஆசிரியர். ஒப்பந்தம் ஓராண்டுக்கு, நீட்டித்தால் அதிகபட்சம் ஐந்தாண்டு. 2025 ஏப்ரலிலிருந்து முதலாண்டுச் சம்பளம் சுமார் 40.2 லட்சம் யென். விமானச் செலவையும் அவர்களே ஏற்கிறார்கள். ஆனால் ஊரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. விருப்பம் எழுதலாம்; தோக்கியோ என்று எழுதியவர் மலையடிவாரக் கிராமத்துக்குப் போவது சகஜம். உங்கள் நாட்டுக்கு அந்த ஆண்டு ஏ.எல்.டி. இடம் உண்டா என்பதை அங்குள்ள ஜப்பான் தூதரக அறிவிப்பில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வாசல், பள்ளிகளுக்கு ஆள் அனுப்பும் தனியார் நிறுவனங்கள். வேலை அதே ஏ.எல்.டி.தான், சம்பளம் மாதம் 2 முதல் 2.5 லட்சம் யென். மூன்றாவது, எய்காய்வா எனப்படும் தனியார் ஆங்கிலப் பேச்சு வகுப்புகள். மதியம் ஒரு மணிக்குத் தொடங்கி இரவு ஒன்பதுக்கு முடியும். மாணவர்கள் பள்ளியும் அலுவலகமும் முடிந்து வருவதால் சனிக்கிழமை வேலை நாள், ஞாயிறும் திங்களும் விடுமுறை என்பது வழக்கம்.

தனியார் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் நான்கு இடங்களைப் பாருங்கள்.

ஆகஸ்ட், டிசம்பர் மாதச் சம்பளம் முழுதா, பாதியா? பள்ளி விடுமுறை மாதங்களில் சில நிறுவனங்கள் வெட்டும். அறிவிக்கும் மாதச் சம்பளத்தை 12ஆல் பெருக்கிக் கணக்குப் போட்டால் ஏமாறுவீர்கள்.

சமூகக் காப்பீடு, அதாவது ஷகாய் ஹொகென் உண்டா? 51 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் வாரம் 20 மணி நேரத்துக்குக் குறையாமல் வேலை செய்பவர்களுக்கு 2024 அக்டோபரிலிருந்து அது கட்டாயம். இல்லையென்றால் மருத்துவக் காப்பீட்டையும் ஓய்வூதியச் சந்தாவையும் நீங்களே முழுதாகக் கட்ட வேண்டும். ஓய்வூதியச் சந்தா மட்டும் 2025 நிதியாண்டில் மாதம் 17,510 யென்.

ஒப்பந்த வகை ஹாகெனா (ஆளை அனுப்புவது), க்யோமு இதாகுவா (வேலையை ஒப்படைப்பது)? ஹாகென் என்றால் பள்ளி ஆசிரியர் உங்களுக்கு நேரடியாக வேலை சொல்லலாம். க்யோமு இதாகு என்றால் சட்டப்படி சொல்லக் கூடாது. நிறுவனம் வழியாகத்தான் வர வேண்டும். ஒரே வகுப்பில் இருவர் சேர்ந்து பாடம் நடத்தும்போது இது எப்படி நடக்கும் என்று கேட்காதீர்கள். அந்தக் குழப்பத்தின் விலையை அன்றாடம் கொடுப்பவர் ஏ.எல்.டி.தான்: பாடத்திட்டம் பற்றிப் பேசவே ஆசிரியர் தயங்குவார், நீங்களும் இருட்டில் நிற்பீர்கள். ஹாகென் கிடைத்தால் அதை எடுங்கள்.

நான்காவது, கார் கட்டாயமா என்பது. கட்டாயம் என்றால் வாடகைக்கார் செலவு யாருடையது என்று எழுத்தில் வாங்குங்கள்.

விசாவும் 12 ஆண்டுக் கணக்கும்

அரசுப் பள்ளி வேலைக்குக் 'கல்வி' வகை வசிப்புரிமை. எய்காய்வாவுக்கு 'மனிதவியல், பன்னாட்டுச் சேவை' வகை. இரண்டுக்கும் பட்டம் வேண்டும். துறை எதுவானாலும் சரி. ஏ.எல்.டி.யாகப் போகிறவர்களுக்கு இன்னொரு நிபந்தனை உண்டு: கற்பிக்கும் மொழியிலேயே 12 ஆண்டுக்குக் குறையாமல் படித்திருக்க வேண்டும். ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்தது போதாது, பயிற்றுமொழியே ஆங்கிலமாக இருந்திருக்க வேண்டும். சென்னையிலோ சிங்கப்பூரிலோ ஆங்கில வழியில் படித்தவருக்கு இது சிக்கலே இல்லை. படித்த ஒவ்வொரு பள்ளியிடமிருந்தும் 'இந்த வகுப்பு முதல் இந்த வகுப்பு வரை ஆங்கில வழி' என்று முத்திரையோடு சான்று வாங்குங்கள். பள்ளி பாதியில் மாறியவர்கள் இதற்கே இரண்டு மாதம் ஒதுக்க வேண்டும்.

ஜப்பானில் வேலை தருபவர் விண்ணப்பித்து வசிப்புத் தகுதிச் சான்று வாங்கி அனுப்புவார். அதற்கு ஆயுள் மூன்று மாதம். அதற்குள் விசா குத்தி, ஜப்பானில் காலடி வைத்துவிட வேண்டும். சான்று கைக்கு வருமுன் இருக்கும் வேலையை விட்டுவிடாதீர்கள்.

ஒரு வகை விசாவில் இருந்துகொண்டு மாலையில் வேறு வகை வேலை செய்வதற்குக் குடிவரவு அலுவலகத்தின் தனி அனுமதி தேவை. பள்ளி ஏ.எல்.டி. வார இறுதியில் எய்காய்வாவில் வகுப்பெடுப்பதும் இதில் சேரும். நிறுவனம் மாறினால் 14 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மறந்துவிட்டால் விசா நீட்டிப்பின்போது அது கோப்பில் நிற்கும்.

கையில் எவ்வளவு

முதல் சம்பளம் பெரும்பாலும் அடுத்த மாதம்தான் வரும். வீடு நீங்களே பிடிப்பதானால் 4.5 முதல் 5 லட்சம் யென் வரை கையில் வேண்டும். மாத வாடகை 50,000 யென் உள்ள ஒரு சிறு வீட்டுக்கு முதல் நாள் கணக்கு இப்படி வரும்: முன்பணம் ஒரு மாதம் 50,000, வீட்டுக்காரருக்கு 'நன்றிப் பணம்' என்று திரும்பி வராத ரெய்கின் 50,000, தரகுக்கு வரியோடு 55,000, உத்தரவாத நிறுவனத்துக்கு வாடகையில் பாதி முதல் முழுசு வரை, 25,000 முதல் 50,000, தீக்காப்பீடு 15,000 முதல் 20,000, பூட்டு மாற்ற அதே அளவு, முதல் மாத வாடகை 50,000. ஆக 2.6 முதல் 3 லட்சம்.

இதைக் குறைக்க யு.ஆர். என்ற அரசு சார்ந்த குடியிருப்புகள் உண்டு. ரெய்கின் கிடையாது, தரகு கிடையாது, உத்தரவாதம் கிடையாது, ஒப்பந்தம் புதுப்பிக்கும் கட்டணமும் கிடையாது. முன்பணம் மட்டும் இரண்டு மாதம். கட்டடம் பழசாக இருக்கும், நிலையத்திலிருந்து தள்ளி இருக்கும். முதல்முறை போகிறவருக்கு இதுவே நிம்மதி.

புது வீட்டுக்குள் நுழைந்தால் சுவர்தான் இருக்கும். கூரை விளக்கு, திரைச்சீலை, கேஸ் அடுப்பு எல்லாம் நீங்கள்தான் வாங்க வேண்டும். அடுப்பு வாங்கும் முன் வீட்டுக்கு வருவது நகரக் குழாய் எரிவாயுவா, சிலிண்டர் எல்.பி.யா என்று கேளுங்கள். ஒன்றுக்குச் செய்த அடுப்பு மற்றதில் ஓடாது, ஆபத்தும் கூட. எரிவாயு இணைப்புத் திறக்க வரும் ஆள் உங்கள் முன்னால்தான் திறப்பார். ஆகவே குடிபோகும் நாளுக்கே நேரம் குறித்துக்கொள்ளுங்கள். தவறினால் குளிர்ந்த நீரில் குளியல்.

மின்சாரம் 100 வோல்ட், இரட்டைத் தட்டைப் பிளக். ஊரிலிருந்து மிக்ஸி தூக்கிக்கொண்டு வர நினைப்பவர்களுக்கு: 750 வாட் மிக்ஸிக்கு 1,500 வாட் ஏற்று மின்மாற்றி வேண்டும், அதுவே சில கிலோ எடை. டேபிள்டாப் கிரைண்டரில் இன்னொரு சங்கடம். தோக்கியோவும் அதற்கு வடக்கேயும் 50 ஹெர்ட்ஸ். நகோயா, ஒசாகா தொடங்கி மேற்கே 60 ஹெர்ட்ஸ். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மோட்டார் மேற்கே வேகம் மாறித்தான் ஓடும். அங்கேயே ஒரு மிக்ஸர் வாங்கிக்கொள்வது மலிவு. மாவு புளிக்குமா என்று கவலைப்படுபவர்கள், அங்கு விற்கும் ஓவன்களில் 'ஹக்கோ' என்ற பொத்தானைத் தேடுங்கள். ரொட்டி மாவுக்காக 30, 40 டிகிரியில் வைத்திருக்கும் வசதி அது. ஜனவரியில் இட்லி மாவு பொங்க வேறு வழி குறைவு, வீட்டுச் சுவர்கள் அவ்வளவு குளிரும்.

முதல் இரண்டு வாரம்: இந்த வரிசையில்

1. நரிதா, ஹனேதா, கன்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களில் வசிப்பு அட்டை அங்கேயே தருவார்கள். முகவரிப் பகுதி காலியாக இருக்கும். வெளியே வரும்போது இந்த அட்டை எப்போதும் சட்டைப்பையில் இருக்க வேண்டும், அது சட்டம்.

2. வீடு அமைந்த 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரிப் பதிவு. முகவரியை அட்டையின் பின்னால் அச்சிட்டுத் தருவார்கள். அன்றைக்கே ஜூமின்ஹ்யோ என்ற குடியிருப்புச் சான்றின் இரண்டு படிகள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் வழியாகச் சமூகக் காப்பீடு இல்லாதவர்கள் அரசு மருத்துவக் காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் அங்கேயே சேர வேண்டும்.

3. கைபேசி. வங்கி கைபேசி எண் கேட்கும். கைபேசிக் கடை வங்கிக் கணக்கு கேட்கும். இந்த முடிச்சை அவிழ்க்க, கிரெடிட் கார்டு ஏற்கும் மலிவு சிம் நிறுவனம் ஒன்றில் ஊர்க் கார்டை வைத்து முதல் எண்ணை வாங்குங்கள். டேட்டா மட்டும் தரும் சிம் வேண்டாம், அழைப்பு வசதி உள்ள எண்ணையே வங்கி கேட்கும்.

4. வங்கி. ஜப்பான் வந்து ஆறு மாதம் ஆகாதவர் என்று சில வங்கிகள் திருப்பி அனுப்பும். வேலை ஒப்பந்தத்தையோ நிறுவன அடையாள அட்டையையோ கொண்டுபோய் அஞ்சலக வங்கியான யூச்சோவில் முயல்வதே வழக்கம். சம்பளம் எந்த வங்கியில் போடுவார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், சில இடங்களில் குறிப்பிட்ட வங்கியே வேண்டும் என்பார்கள்.

5. சில வாரத்தில் மை நம்பர் என்ற 12 இலக்க அடையாள எண்ணின் அறிவிப்பு அஞ்சலில் வரும். வந்ததும் அட்டைக்கு விண்ணப்பியுங்கள். 2024 டிசம்பர் 2 முதல் புதிதாகத் தனிக் காப்பீட்டு அட்டை தருவதில்லை. மருத்துவமனையில் மை நம்பர் அட்டையையோ, அது இல்லாதவர்களுக்குத் தரும் தகுதிச் சான்றையோதான் காட்ட வேண்டும். மருத்துவச் செலவில் உங்கள் பங்கு 30 சதவீதம்.

தமிழ்ப் பெயர்க்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும். ஜப்பானியப் படிவம் ஒவ்வொன்றும் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். அதோடு கதகானா எழுத்தில் உச்சரிப்பும் கேட்கும். அங்கே லகரத்துக்கும் ரகரத்துக்கும் ஒரே எழுத்து; நெடில் கோட்டை ஒருவர் போடுவார், ஒருவர் போடமாட்டார். வங்கியில் ஒரு கதகானா, பள்ளியின் சம்பளப் பிரிவில் இன்னொரு கதகானா என்றால் பணப் பரிமாற்றம் திரும்பிப் போய்விடும். முதல் நாளே ஒரு வடிவத்தை முடிவு செய்து, தாளில் எழுதிப் பணப்பையில் வைத்து, எல்லா இடத்திலும் அதையே பார்த்து எழுதுங்கள். பெயர் வரிசையும் அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும்.

பள்ளியில் ஒரு நாள்

எட்டேகாலுக்குள் ஆசிரியர் அறையில் இருக்க வேண்டும். வாசலில் வெளிச்செருப்பைக் கழற்றி உங்கள் பெயர் ஒட்டிய பெட்டியில் வைத்துவிட்டு உள்செருப்புக்கு மாறுங்கள். அதை நீங்களே வாங்கிப் போக வேண்டும். பெரிய கால்காரர்கள் ஊரிலிருந்தே வெள்ளை ரப்பர் அடி ஷூ ஒன்று எடுத்துப் போங்கள், 28 சென்டிமீட்டருக்கு மேல் கிராமத்துக் கடையில் கிடைப்பது அரிது. உடற்பயிற்சிக் கூடத்துக்குத் தனி ஷூ கேட்கும் பள்ளிகளும் உண்டு.

உள்ளே நுழையும்போது எல்லோருக்கும் கேட்கும்படி 'ஒஹயோ கொஸாய்மஸு'. கிளம்பும்போது 'ஒஸகி நி ஷிட்ஸுரெய் ஷிமஸு'. பாடம் எவ்வளவு நன்றாக நடத்தினாலும் இந்த இரண்டையும் முணுமுணுப்பவரை ஆசிரியர் அறை ஏற்பதற்கு நாளாகும். வருகைப் பதிவு, விடுப்பு, தாமதம், காயம், எல்லாவற்றுக்கும் போய் நிற்க வேண்டிய மேசை துணைத் தலைமையாசிரியருடையது. தலைமையாசிரியர் விழாக்களில் பேசுவார். பள்ளியை ஓட்டுபவர் துணைத் தலைமைதான்.

தொடக்கப் பள்ளியில் பாடவேளை 45 நிமிடம், நடுநிலைப் பள்ளியில் 50. 2020இல் வந்த பாடத்திட்டப்படி 3, 4ஆம் வகுப்புக்கு ஆண்டுக்கு 35 வேளை ஆங்கிலச் செயல்பாடு. 5, 6ஆம் வகுப்புக்கு 70 வேளை, அது மதிப்பெண் உள்ள பாடம். அதாவது வாரத்துக்கு ஒன்று, இரண்டு. ஒரு ஏ.எல்.டி.க்கு நாளொன்றுக்கு நான்கைந்து வகுப்பு வரும். இரண்டு, மூன்று பள்ளிகளைச் சுற்றி வருபவர்களும் உண்டு.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் 15, 20 நிமிடம் துப்புரவு. மாணவர்கள் துடைப்பத்தோடு இறங்குவார்கள், நீங்களும் ஒரு துணியை எடுங்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை அங்கே உங்களோடு பேசும்.

மாணவர்களைக் கண்டிப்பது உங்கள் வேலையில் இல்லை, வகுப்பாசிரியரிடம் விடுங்கள். மாணவரோடு லைன் செயலியில் பேசுவது, படம் எடுத்து இணையத்தில் போடுவது இரண்டும் வேலைக்கு உலை வைக்கும்.

45 நிமிட வகுப்பு: எங்கே இடறுகிறது

தொடக்கப் பள்ளியில் உங்களோடு நிற்பவர் ஆங்கில ஆசிரியர் அல்ல, கணக்கும் நீச்சலும் எல்லாமும் நடத்தும் வகுப்பாசிரியர். அவரோடு கலந்து பேச ஒதுக்கிய நேரம் என்று எதுவும் இருக்காது. நடைபாதையில் கிடைக்கும் இரண்டு நிமிடம்தான். அதனால் முந்தின நாள் நான்கு மணிக்கு, அரை ஏ4 தாளில் மூன்று பத்தி போட்டு அவர் மேசையில் வையுங்கள்: நிமிடம், ஏ.எல்.டி. செய்வது, வகுப்பாசிரியர் செய்வது. மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் அவர் பின்னால் நின்று நோட்டு திருத்துவார். 'தவறாகப் பேசிக் காட்டுங்கள், நான் திருத்துகிறேன்' என்று அவரையே மாணவராக்கி எழுதினால் வகுப்பு எழுந்து உட்காரும். ஆசிரியரே தயங்கித் தயங்கிப் பேசுவதைப் பார்த்த பிள்ளைகளுக்குத் தயக்கம் போகும்.

ஐந்தாம் வகுப்பில் உணவு கேட்டு வாங்கும் பாடம் என்று வைத்துக்கொள்வோம். 'வாட் வுட் யூ லைக்?', 'ஐட் லைக் பீட்ஸா' என்பவை அன்றைய வாக்கியங்கள்.

முதல் 3 நிமிடம் வணக்கம், நாள், வானிலை. அடுத்த 5 நிமிடம் உணவுப் பட அட்டைகள், எட்டுக்கு மேல் வேண்டாம். பிறகு 7 நிமிடம் நீங்களும் வகுப்பாசிரியரும் கடைக்காரர், வாடிக்கையாளர் நடிப்பு. மொழிபெயர்க்காதீர்கள், இருமுறை நடித்தால் பிடித்துக்கொள்வார்கள். அடுத்த 8 நிமிடம் சேர்ந்து சொல்லிப் பழக்கம்: முழு வகுப்பு, பாதி வகுப்பு, வரிசை, ஜோடி என்று சிறிதாக்கிக்கொண்டே போங்கள். பிறகு 15 நிமிடம் பிள்ளைகளே கடை வைப்பது. கடைசி 5 நிமிடம் திரும்பிப் பார்க்கும் தாளில் எழுதுவது, இது வகுப்பாசிரியரின் மதிப்பீட்டுக்குத் தேவை, விழுங்காதீர்கள். மீதி இரண்டு நிமிடம் மேசை நகர்த்துவதில் போய்விடும்.

பெரும்பாலும் இடறுவது அந்த 15 நிமிடத்தில். சொல்லிப் பழகும் கட்டத்தைச் சுருக்கிவிட்டுக் கடைக்குப் போனால், பிள்ளைகள் ஜப்பானிய மொழியிலேயே வியாபாரம் செய்வார்கள், அதுவும் மும்முரமாக. வாக்கியம் வாயில் ஏறவில்லை என்பதே காரணம். விளையாட்டை நிறுத்தி, இரண்டு நிமிடம் மீண்டும் கூட்டாகச் சொல்லவைத்து, பிறகு விடுங்கள்.

மௌனம் இன்னொன்று. 'யாராவது சொல்லுங்கள்' என்றால் நடுநிலைப் பள்ளியில் ஒரு கையும் உயராது. தெரியாததால் அல்ல, முப்பது பேர் முன்னால் தப்பாகச் சொல்லும் பயம். கேள்வி கேட்டதும் முப்பது விநாடி பக்கத்தில் இருப்பவரோடு சரிபார்க்கச் சொல்லிவிட்டு, ஜோடியாக எழுப்புங்கள். விடை இருவருடையதாகிவிட்டால் வாய் திறக்கும். யார் முதலில் என்ற சண்டைக்கு ஜான்கென் என்ற கல், காகிதம், கத்தரி இருக்கவே இருக்கிறது.

உச்சரிப்பில், 'மில்க்' அங்கே 'மிருகு' ஆகும். மெய்யெழுத்தோடு உயிர் ஒட்டிக்கொள்ளும். கைதட்டி அசை எண்ணவைத்தால் ஒரு தட்டுக்கும் மூன்று தட்டுக்கும் உள்ள வித்தியாசம் உடனே புரியும். தமிழரான நீங்களும் உங்கள் 'வி', 'டபிள்யூ' இரண்டையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு இரண்டும் வகரம்தான்; அதைக் கேட்டு எழுதும் பிள்ளை தடுமாறும்.

முதல் வாரம் முழுக்க அறிமுக வகுப்புதான், ஒரே பேச்சைப் பல வகுப்பில் சொல்ல வேண்டிவரும். ஸ்லைடு காட்டும் நேரம் எட்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. இந்திய ரூபாய் நோட்டின் பின்புறம் உள்ள 15 மொழிகளின் பட்டியலில் தமிழைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்து 'மேலே, கீழே, இடது, வலது' என்று ஆங்கிலத்தில் கட்டளை சொல்லிக் கோலம் போடவைக்கலாம். எந்த வயதுக்கும் எடுபடுகிறது, பொருள் செலவும் இல்லை.

சாப்பாடு

பள்ளி மதிய உணவான க்யூஷொகு ஒரு வேளை சுமார் 300 யென், 200 மில்லி பாலோடு வரும். விலைக்கு அருமையான சாப்பாடு. ஆனால் சைவர்களுக்கு அதில் இடமில்லை. காய்கறிச் சூப் என்று எழுதியிருந்தாலும் அடியில் இருப்பது தாஷி, அதாவது பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் காய்ச்சிய சாறு. ஜப்பானியக் கறிக் கட்டியில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ கலந்திருப்பது வழக்கம். மாத உணவுப் பட்டியலில் பொருள்கள் எழுதியிருக்கும். சைவம், ஹலால் என்று இருப்பவர்கள் பதவியேற்கும் வாரமே துணைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் 'க்யூஷொகு வேண்டாம், ஓபென்தோ (வீட்டுச் சாப்பாட்டு டப்பா) கொண்டுவருகிறேன்' என்று தெரிவியுங்கள். நடு மாதத்தில் நிறுத்தினால் அந்த மாதப் பணம் திரும்பாது. 'இது மட்டும் எடுத்துவிட்டுச் சாப்பிடுகிறேன்' என்ற சமரசம் முதல் வாரத்திலேயே கசந்துவிடும், பிள்ளைகள் முன்னால் மீதம் வைப்பது அங்கே பெரிய விஷயம்.

கடையில் பொட்டலம் திருப்பிப் படிக்க நான்கு சொல்லின் எழுத்து வடிவத்தை மனப்பாடம் செய்யுங்கள்: புத்தா பன்றி, க்யூ மாடு, தோரி கோழி, கட்ஸுஒ மீன். தோக்கியோவில் நிஷி கசாய், ஷின் ஓகுபோ பகுதிகளில் உளுந்து, பெருங்காயம், புளி எல்லாம் கிடைக்கும். மற்ற ஊர்களுக்கு அதே கடைகளின் இணைய விற்பனை. பத்துக் கிலோவுக்கு மேல் சேர்த்து வாங்கினால்தான் அஞ்சல் செலவு கட்டும். 2025இல் உள்ளூர் அரிசி 5 கிலோ 4,000 யென்னைத் தாண்டியது. அது ஒட்டும் அரிசி, சாம்பாருக்குப் பரவாயில்லை, புளியோதரைக்கு ஆகாது.

குப்பை

அண்டை வீட்டார் உங்களை எடைபோடுவது இதில்தான். எரியும் குப்பை வாரம் இருமுறை, பிளாஸ்டிக் ஒரு நாள், கண்ணாடியும் கேனும் மாதத்தில் இரண்டு நாள் என்று ஊருக்கு ஊர் அட்டவணை வேறு. நகராட்சி தரும் தாளைக் குளிர்பெட்டியில் ஒட்டுங்கள். பல ஊர்களில் நகராட்சி முத்திரையிட்ட பையில்தான் போட வேண்டும். பெட் பாட்டிலின் மூடியையும் லேபிளையும் கழற்றி, கழுவி, நசுக்கிப் போட வேண்டும். மூடியும் லேபிளும் பிளாஸ்டிக்கில் போகும். காலை எட்டுக்குள் வைத்து, காக்கை வலையால் மூட வேண்டும். முந்தின இரவே வைத்தால் காலையில் தெரு முழுக்க உங்கள் சாம்பார் கிடக்கும். தவறான பையை எடுக்காமல் ஒட்டுவில்லை ஒட்டிவிட்டுப் போவார்கள்.

மெத்தை, மேசைக்கு முன்பதிவு செய்து, கடையில் கட்டண வில்லை வாங்கி ஒட்ட வேண்டும். டிவி, ஏசி, குளிர்பெட்டி, சலவை இயந்திரம் நான்குக்கும் மறுசுழற்சிக் கட்டணம் தனி.

சம்பளச் சீட்டு

மாதம் 2,40,000 யென் என்று வைத்துக்கொண்டால் ஓய்வூதியத்துக்கு 9.15 சதவீதம், அதாவது 21,960 போகும். மருத்துவக் காப்பீடு சுமார் 12,000. வேலையின்மைக் காப்பீடு ஆயிரத்துச் சொச்சம். வருமான வரி நான்காயிரம், ஐந்தாயிரம். கைக்கு வருவது ஏறக்குறைய இரண்டு லட்சம்.

இதில் இல்லாத ஒன்று ஜூமின்ஸெய் என்ற உள்ளூர் வரி. முந்தைய காலண்டர் ஆண்டு வருமானத்தின் மேல், ஜனவரி 1இல் நீங்கள் குடியிருந்த நகராட்சி, ஜூனிலிருந்து வசூலிக்கிறது. ஆகஸ்டில் வந்தவருக்கு முதல் ஆண்டில் ஐந்து மாத வருமானம்தான்; அடுத்த ஜூனில் வரி சொற்பமாக வரும், அவரும் நிம்மதியாகிவிடுவார். முழு ஆண்டு வருமானத்தின் வரி அதற்கடுத்த ஜூனில்தான் விழும். மேலே சொன்ன சம்பளத்துக்கு மாதம் 9,000 முதல் 10,000 வரை குறையும்.

ஊரில் பெற்றோருக்குப் பணம் அனுப்புபவர்கள் நவம்பர், டிசம்பரில் நடக்கும் ஆண்டு இறுதி வரிச் சரிக்கட்டலில் அவர்களைச் சார்ந்தோராகக் காட்டலாம். 2023 முதல் விதி இறுகிவிட்டது: வெளிநாட்டில் உள்ள 30 முதல் 69 வயது வரையானவர் என்றால், மாணவர், மாற்றுத்திறனாளி போன்ற விலக்கு இல்லாதபோது, ஆண்டுக்கு ஒருவருக்கு 3,80,000 யென்னுக்குக் குறையாமல் அனுப்பிய சான்று வேண்டும். அப்பா கணக்குக்கே மொத்தமாக அனுப்பினால் அம்மாவுக்குக் கணக்கில் வராது. தனித்தனியே அனுப்பி, ரசீதையும் பிறப்புச் சான்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

விடுப்பு, வண்டி, நிலநடுக்கம்

தொழிலாளர் சட்டப்படி ஆறு மாதம் வேலை செய்து, 80 சதவீத நாள் வந்திருந்தால் 10 நாள் சம்பள விடுப்பு. காய்ச்சலுக்கும் அதிலிருந்தே போகும் இடங்கள் பல, எனவே மூன்று நாளை ஒதுக்கி வையுங்கள். பொங்கல் மூன்றாம் பருவத்தின் நடுவில் வருகிறது, ஒரு மாதம் முன்பே கேட்டால் மறுப்பது குறைவு. திரும்பும்போது ஆசிரியர் அறைக்கு ஏதாவது கொண்டுவருவது வழக்கம். தனித்தனி உறையில் இருக்க வேண்டும், மேசை மேசையாக வைப்பார்கள். உறையிட்ட கடலை மிட்டாய் சரி, நெய் வழியும் மைசூர்பாகு சரிப்படாது.

சைக்கிளுக்குத் திருட்டுத் தடுப்புப் பதிவு வாங்கும் கடையிலேயே செய்வார்கள். கார் ஓட்ட இந்திய, இலங்கைச் சர்வதேச அனுமதி ஓராண்டு செல்லும். அதற்குப் பிறகு உரிமத்தை மாற்றியாக வேண்டும்: உரிமம் பெற்ற பின் அந்த நாட்டில் மூன்று மாதமாவது இருந்த சான்று, ஜப்பானிய மொழிபெயர்ப்பு, குடியிருப்புச் சான்று தேவை. 2025 அக்டோபரிலிருந்து எழுத்துத் தேர்வு 50 கேள்வி, 90 சதவீதம் சரியாக இருக்க வேண்டும். ஓட்டுத் தேர்வில் முதல்முறை தேறுபவர் குறைவு. வந்த எட்டாம் மாதமே தொடங்குங்கள்.

நிலநடுக்கத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் வீதம் மூன்று நாள் தண்ணீர், டார்ச், கடவுச்சீட்டுப் படி, சில்லறைக் காசு ஒரு பையில். பக்கத்துப் புகலிடம் பெரும்பாலும் உங்கள் பள்ளியேதான். ஆம்புலன்ஸ், தீயணைப்பு 119. போலீஸ் 110.

மார்ச்சும் அதற்குப் பிறகும்

மார்ச் கடைசியில் ஆசிரியர் இடமாற்றம் அறிவிப்பார்கள். நீங்கள் ஓராண்டாகப் பழகிய ஆங்கில ஆசிரியர் ஒரே வாரத்தில் வேறு ஊருக்குப் போய்விடலாம். பாடத் தாள்கள், வகுப்புக் குறிப்புகள் எல்லாம் அவர் கணினியில் இருந்தால் அதோடு போயிற்று. பிப்ரவரியிலேயே படி எடுத்து வையுங்கள். பட்டமளிப்பு விழாவுக்குக் கறுப்பு சூட்.

நாடு திரும்புவதானால் கிளம்பும் முன் நகராட்சியில் வெளியேற்றப் பதிவு. மார்ச்சில் போனாலும் அந்த ஜனவரி 1இல் நீங்கள் குடியிருந்தவர், ஆகவே ஜூனில் வரவிருக்கும் ஜூமின்ஸெய்யும் உங்களுடையதே. முன்கூட்டிக் கட்டுங்கள், அல்லது ஜப்பானில் இருக்கும் ஒருவரை வரிப் பிரதிநிதியாக நியமியுங்கள்.

அந்தப் பிரதிநிதி இன்னொன்றுக்கும் தேவைப்படுவார். ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓய்வூதியம் கட்டியவர்கள், கிளம்பிய இரண்டு ஆண்டுக்குள் ஒரு பகுதியை மொத்தமாகத் திரும்பப் பெறலாம். அதிகபட்சம் 60 மாதம் கணக்கில் வரும். சம்பளத்தோடு பிடித்த ஓய்வூதியமானால் 20.42 சதவீத வரி பிடித்துக்கொண்டு அனுப்புவார்கள். அந்த வரியைப் பிரதிநிதி மூலம் கேட்டு மீட்கலாம். ஆனால் மொத்தமாக வாங்கிவிட்டால் அந்த ஆண்டுகள் கணக்கிலிருந்து அழிந்துவிடும். இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தப்படி இரு நாட்டுச் சந்தா ஆண்டுகளையும் சேர்த்துக் காட்டும் வாய்ப்பும் அதோடு போகும். மறுபடி ஜப்பானுக்கே வேலைக்கு வரும் எண்ணம் இருந்தால் விண்ணப்பத்தை அனுப்பும் முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள். அனுப்பிய பிறகு மாற்ற முடியாது.